வளனும் கருணையனும்: தேம்பாவணியில் தன்மறுப்பும் அன்பின் வளர்ச்சியும்

ஆய்வுச் சுருக்கம்

கிறித்தவ வாழ்வில் தன்மறுப்பு அன்பை வளர்க்கும் என்பது அறவுரைகளில் எளிதாகச் சொல்லப்படுகிறது. காப்பியத்தில் அதனைக் காட்டுவது எளிதன்று. வீரமாமுனிவரின் தேம்பாவணியில் வளன் மேற்கொள்ளும் நோன்பு, அவனுக்கு நேரும் ஐயம், தாயை இழந்த கருணையனின் புலம்பல் ஆகிய மூன்று இடங்களை இக்கட்டுரை ஒருசேர வைத்து ஆராய்கிறது. மாந்தர் தாமே தேர்ந்துகொண்ட துறவு அக்காப்பியத்தில் பெரும்பாலும் புகழுரையாகவே நின்றுவிடுகிறது. தேர்ந்துகொள்ளாமல் வந்து சேர்ந்த இழப்பிலேயே அன்பு வளரக் காண்கிறோம் என்பது இக்கட்டுரை முன்வைக்கும் வாதம்.

திறவுச்சொற்கள்: தேம்பாவணி, வீரமாமுனிவர், தன்மறுப்பு, ஈரறம், அன்பு, அருள், கருணையன், புலம்பல்.

முன்னுரை

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் தேம்பாவணியின் ஒரு பகுதி இடம்பெற்றுள்ளது. கானகத்தில் தன் தாய் எலிசபெத்தோடு வாழ்ந்த கருணையன், தாய் இறந்தபின் அவளை மண்ணில் அடக்கம் செய்து புலம்பும் பகுதி அது. மாலை வேளையில் சில மாணவர்க்கு அதனைக் கற்பித்தபோது ஒரு மாணவி, ‘தவம் செய்பவர் இப்படி அழலாமா?’ என்று கேட்டார். காடும் சேர்ந்து அழுதது என்ற இடத்துக்கு அணியின் பெயரைச் சொல்லி, நான் அடுத்த பாட்டுக்குச் சென்றுவிட்டேன். அக்கேள்விக்குக் காலந்தாழ்த்தி எழுதும் விடையாகவும் இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

இத்தாலியின் காஸ்திலியோனே நகரில் 1680ஆம் ஆண்டு பிறந்து, இயேசு சபையில் சேர்ந்து, தமிழகம் வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் வீரமாமுனிவர், 1726இல் தேம்பாவணியை நிறைவு செய்தார். மூன்று காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள் கொண்ட இக்காப்பியத்தின் தலைவன், இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய சூசையப்பர். அவரை முனிவர் வளன் என்று அழைக்கிறார். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர், கூட்டுதல், பெருகச் செய்தல் என்னும் பொருளில் பிறந்தது, ஆகவே வளன். யோவான் என்னும் பெயர் ஆண்டவர் அருள்கூர்ந்தார் என்று பொருள்படுவது. ஆகவே திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்று பெயர். பெயர்களை ஒலிபெயர்க்காமல் பொருள்பெயர்த்த இச்செயலைத் தமிழ்ப்படுத்தலின் நயமாகப் பாராட்டுவது வழக்கம். ஆனால் வளர்ச்சி என்று ஒருவனுக்கும் அருள் என்று ஒருவனுக்கும் பெயரிட்ட கவிஞர், அப்பெயர்களுக்குரிய கடமையையும் அவர்கள்மேல் ஏற்றிவிடுகிறார். வளன் உண்மையில் வளர்கிறானா என்று கேட்கும் உரிமை அப்பெயரால் நமக்குக் கிடைக்கிறது.

வெறுத்தல், துறத்தல், மறுத்தல்

தன்மறுப்பைப் பற்றிப் பேசும் எவரும் மாற்கு நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்துக்கு வந்தே ஆகவேண்டும். தம்மைப் பின்பற்ற விரும்புபவர் முதலில் செய்யவேண்டியது என்ன என்று இயேசு அங்குக் கூறுகிறார். அவ்விடத்தில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘வெறுத்தல்’ என்னும் வினையைத் தன்னைக் குறித்தே ஆள்கிறது. பிற்காலத்துப் பொது மொழிபெயர்ப்பு ‘துறத்தல்’ என்னும் வினையை ஆண்டு, துறக்கப்படுவது தன்னலம் என்று வரையறுக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு சிறிதன்று. தன்னை வெறுப்பவன் தன் உடலையும் உறவையும் பகையாகக் காண்பான். தன்னலத்தைத் துறப்பவனுக்கு அவ்வாறு காணவேண்டிய தேவை இல்லை.

கிரேக்க மூலத்தில் உள்ள வினையோ இவ்விரண்டும் அன்று. ஒருவரைத் தனக்குத் தொடர்பற்றவர் என்று மறுத்துரைப்பதைக் குறிக்கும் வினை அது. அதே வினைதான் 14ஆம் அதிகாரத்தில் பேதுரு தம் ஆசிரியரை மறுத்துரைக்கும் இடத்திலும் வருகிறது. தம்மை மறுக்கவேண்டிய சீடர், தம்மைக் காத்துக்கொள்ள ஆசிரியரை மறுத்தார். மூலத்தைப் படிப்பவருக்கு இந்த முரண் உடனே புலப்படும். தமிழில் பேதுருவுக்கு ‘மறுதலித்தல்’ என்றும் சீடத்துவத்துக்கு வேறொரு சொல்லும் வழங்குவதால், தமிழ் வாசகர் அத்தொடர்பைக் காணாமலே கடந்துவிடுகிறார். மேலும், தாய் தந்தையரை வெறுத்தல் பற்றிப் பேசும் லூக்கா 14:26இல் மூலம் வேறொரு வினையை ஆள, பழைய மொழிபெயர்ப்பில் இரண்டிடத்தும் ‘வெறுத்தல்’ என்னும் ஒரே வினை நிற்கிறது. சிலுவையைச் சுமப்பதற்கும் தாயை வெறுப்பதற்கும் ஒரே மனநிலை வேண்டும் என்ற எண்ணம் தமிழ்க் கிறித்தவ வழக்கில் எங்கேனும் தலைகாட்டுமாயின், அதற்கு இறையியலைவிட மொழிபெயர்ப்பும் ஒரு காரணமாதல் கூடும். இக்கட்டுரை ‘தன்மறுப்பு’ என்னும் சொல்லைத் தேர்ந்தமைக்குக் காரணம் இதுவே.

அன்பு இல்லாத தன்மறுப்பு உண்டு என்பதைப் பவுலும் அறிந்திருந்தார். உடைமை அனைத்தையும் ஈந்து, உடலையே ஒப்படைத்தாலும் அன்பு இல்லையேல் பயனில்லை என்பது 1 கொரிந்தியர் 13இல் அவர் காட்டும் கருத்து. ஆகவே தன்மறுப்பு இருக்கும் இடமெல்லாம் அன்பு வளரும் என்று விதி செய்ய இயலாது. எந்தத் தன்மறுப்பில் வளரும், எதில் வளராது என்பதே ஆராயத்தக்கது.

ஈரறம் பொருத்துதல்

தேம்பாவணியின் முதற் காண்டத்தில் ஒரு படலத்துக்கு ‘ஈரறம் பொருத்து படலம்’ என்று பெயர். இல்லறம், துறவறம் என்னும் இரண்டறங்களையும் ஒன்றோடொன்று இணைத்தல் என்பது அதன் பொருள். கன்னிமை நோன்பு பூண்ட இருவர் மணவாழ்க்கையில் இணைந்து, மணத்தையும் நோன்பையும் ஒருங்கே காத்தனர் என்னும் கத்தோலிக்க மரபை, தமிழ் அறநூலின் கலைச்சொல்லால் முனிவர் பெயரிட்டிருக்கிறார்.

இப்பெயரின் துணிவை உணரத் தமிழ்க் காப்பிய மரபை எண்ணிப் பார்க்கவேண்டும். சீவக சிந்தாமணியில் சீவகன் மணங்கள் பல முடித்து, அரசாண்டு, பின்னரே துறக்கிறான். அங்கு இரண்டறங்களும் காலத்தால் முன்பின்னாக அமைகின்றன. வள்ளுவரிடம் அவை இயலால் முன்பின்னாக அமைகின்றன. அன்புடைமை 8ஆம் அதிகாரம், இல்லறவியலில். அருளுடைமை 25ஆம் அதிகாரம், துறவறவியலின் தொடக்கத்தில். துறவு என்னும் பெயருடைய அதிகாரம் 35ஆம் இடத்தில்தான் வருகிறது. துறவறத்தின் வாயிலில் வள்ளுவர் நிறுத்தியது அருளை என்பது கருதத்தக்கது. அன்பு தொடர்புடையார்மேல் செல்வது, அருள் தொடர்பு கருதாமல் எல்லா உயிர்கள்மேலும் செல்வது என்று பரிமேலழகர் வேறுபாடு காட்டுவார். அருளை அன்பு பெற்ற குழந்தையாக உருவகிக்கும் குறளும் உண்டு (757). அது பொருட்பாலில் இருப்பதால் துறவு பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் வீரமாமுனிவர். இந்த அமைப்பு முழுவதும் அவருக்குக் கைவந்ததே. அதனை அறிந்தே அவர் முன்பின் என்னும் வரிசையைக் கலைத்து, இரண்டையும் ஒரே வீட்டுக்குள் வைக்கிறார். இளமையிலேயே துறவை நாடும் வளன், காட்டுக்குச் செல்லாமல் மக்களிடையே இருந்து அறம் செய்யுமாறு திருப்பப்படுவதும் இதற்கு முன்னோட்டமே.

கருத்தளவில் இது மிகப் பெரிய அடி. ஆனால் கவிதையளவில் இப்பகுதி என்னை நிறைவுசெய்யவில்லை. வளன் பிறக்கும்போதே குறையற்றவன். பாலப் பருவத்திலேயே மாட்சி முற்றியவன். அப்படலத்தின் பெயரே ‘பாலமாட்சி’. அவன் கைவிடும் எதன்மேலும் அவனுக்கு ஆசை இருந்ததாகக் கவிஞர் காட்டுவதில்லை. ஆசையில்லாத இடத்தில் மறுப்புக்கு எடை இல்லை. நோன்பை வருணிக்கும் பாடல்கள் அணிநலத்தால் மின்னுகின்றன. ஆயினும் ஒரு மனிதன் நேற்றைவிட இன்று மிகுதியாக அன்பு செய்கிறான் என்பதை அவற்றுள் காண இயலவில்லை. வளர்ச்சி என்று பெயர் பெற்றவன் வளர இடமில்லாமல் நிற்கிறான். காப்பியத் தலைவன் தன்னிகரில்லாதவனாக இருக்கவேண்டும் என்னும் தண்டியலங்கார மரபும், தூயவர் வரலாறு எழுதும் ஐரோப்பிய மரபும் இங்கு ஒன்றையொன்று வலுப்படுத்தி, இருவழியாலும் வளனைச் சிலையாக்கிவிட்டன என்று தோன்றுகிறது.

ஐயத்தில் ஓர் அசைவு

அச்சிலை அசையும் இடம் அடுத்த படலமாகிய ‘ஐயந்தோற்று படலம்’. மத்தேயு நற்செய்தி சில வரிகளில் முடித்துக்கொண்ட செய்தி இது: மரியாள் கருவுற்றிருப்பது தெரிகிறது, யோசேப்பு நேர்மையாளர், அவளை ஊரறிய இழிவுபடுத்த விரும்பாமல் மறைவாக விலக்கிவிட எண்ணுகிறார். முனிவர் இச்செய்திக்கு ஐயம் தோன்ற ஒரு படலமும் ஐயம் நீங்க ஒரு படலமும் ஒதுக்கினார். ஒரு மெய்யியல் விளக்கத்துக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ஒரு மனிதனின் கலக்கத்துக்குத் தேவை.

நோன்பை வளன் தானே ஏற்றான். ஐயத்தை அவன் ஏற்கவில்லை, அது வந்து சேர்ந்தது. சட்டம் அவன் பக்கம் இருக்கிறது. வழக்குரைத்தால் அவன் மானம் காக்கப்படும். நற்செய்தி காட்டும் யோசேப்பு மறுப்பது தன் நேர்மையை மெய்ப்பிக்கும் அந்த உரிமையைத்தான். தன்னைக் குற்றமற்றவன் என்று நிறுவிக்கொள்ளும் விருப்பம் நல்லவர்களிடத்து வலிமையாக இருக்கும் ஒன்று. மணவின்பத்தைத் துறந்ததைவிட அதனைத் துறப்பது கடினம். அவ்வாறு துறந்தபோதும் அவருக்கு உண்மை தெரியாது. அறியாமையிலேயே அவர் அவளைக் காக்க முனைகிறார். வானதூதர் கனவில் வந்து தெளிவுறுத்துவது அதன் பின்னரே. அறிவு வந்தபின் அன்பு வந்திருந்தால் அதில் வியப்பு ஒன்றுமில்லை.

நற்செய்திகளில் யோசேப்பு ஒரு சொல்லும் பேசுவதில்லை என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. காப்பியத்துக்கோ தலைவன் பேசியாகவேண்டும். மௌனமாக இருந்தவருக்கு விருத்தங்களில் பேச்சளித்ததால் முனிவர் ஒன்றை இழந்தார், ஒன்றைப் பெற்றார். இழந்தது அந்த மௌனத்தின் கனம். பெற்றது, கலங்கும் தலைவன் ஒருவன். காப்பியத்தின் பிற பகுதிகளில் வளனை வணங்கத் தோன்றுகிறது. இங்கு மட்டுமே அவனுக்காக வருந்தத் தோன்றுகிறது.

தேம்பா அணியில் தேம்பல்

வளனிடத்துத் தொடங்கிய இவ்வசைவு முழுமை பெறுவது வளனிடத்து அன்று. ‘வாமன் ஆட்சிப் படலத்தில்’ வரும் கருணையனிடத்து. நற்செய்திகளில் ஒட்டக மயிராடையும் வெட்டுக்கிளியும் காட்டுத்தேனுமாக வாழும் யோவான், கிறித்தவ மரபில் தன்மறுப்பின் முதல் உருவம். அவரது பிற்கால வாழ்வை நற்செய்தியாளர்கள் சொல்லிவிட்டனர். பாலைநிலத்தில் அவர் எவ்வாறு வளர்ந்தார் என்பதை லூக்கா ஒரு வரியில் கடந்துவிடுகிறார். அந்த வெற்றிடத்தில்தான் தாயின் மரணம் வைக்கப்பட்டிருக்கிறது.

புலம்பலின் போக்கை உரைநடையில் சொல்லிப் பார்க்கலாம். மலர்க்கை குவித்து, என் தாயைக் காப்பாயாக என்று நிலத்தை வேண்டி, மலர்ப்படுக்கை விரித்து, அறங்களையே உடலாகக் கொண்டிருந்தவளை மண்ணுள் அடக்குகிறான். ‘பூ’ என்னும் ஒரு சொல் மலரையும் நிலத்தையும் குறிக்க, கைம்மலரும் அது வேண்டிக்கொள்ளும் மண்ணும் ஒரே ஒலிக்குள் அடங்குகின்றன. அடுத்த பாட்டில், அவள் வாய்மொழியாகிய உண்மையே மழையாக இருந்தது என்கிறான். அவள் மார்பில் ஒரு மணிபோல் கிடந்து உள்ளம் குளிர்ந்திருந்தவன், இன்று மணிபிடிக்கும் முன்னே துளியின்றிக் காய்ந்த இளம்பயிரானான். பின்னர் உவமைகள் அடுக்கி வருகின்றன: கொம்பிலிருந்து கொய்த மலர், நச்சம்பு துளைத்த புண், துணையைப் பிரிந்த பறவை, வழுக்கு நிலத்தில் துணையின்றி நடப்பவன்.

இப்பகுதியில் நுட்பம் மிகுந்தது இதன்பின் வரும் பாட்டு. உயிர் வாழும் முறை அறியேன், உடலுக்கு உணவு தேடும் செயல் அறியேன், கானில் செல்லும் வழி அறியேன் என்று ‘அறியேன்’ என்னும் எதிர்மறை வினை திரும்பத் திரும்ப வருகிறது. இறுதியில் ஒரே ஒரு முறை அது உடன்பாடாக மாறுகிறது: அவன் அறிந்தது தாயின் கை செய்துதந்த முறை ஒன்றே. அந்தக் கையும் இப்போது இல்லை. உணவை மறுத்துத் தவம் செய்யும் துறவியை எதிர்பார்க்கும் வாசகர்முன், உணவு தேடத் தெரியாத பிள்ளையைக் கவிஞர் நிறுத்துகிறார். மறுப்பதற்கு அவனிடம் எதுவும் இல்லை.

அந்த நொடியில்தான் கவிஞர் குரல் குறுக்கிட்டு, அவனைத் தவத்தையே மணியாக அணிந்த மார்பினன் என்று சுட்டுகிறது. சற்றுமுன் தாயின் மார்பில் மணியாகக் கிடந்தவன், இப்போது தன் மார்பில் தவமணி தாங்கி நிற்கிறான். மணி இடம் மாறியிருக்கிறது. தாயன்பை வெட்டிவிட்டுத் தவம் அவ்விடத்தில் அமரவில்லை. தாய் அவனை அணிந்திருந்த முறையிலேயே அவன் தவத்தை அணிகிறான். புலம்பலை அடக்கியபின் அப்பெயரைக் கொடுத்திருந்தால் இது ஐரோப்பியத் துறவு வரலாறுகளுள் ஒன்றாகியிருக்கும். புலம்பலின் நடுவே கொடுத்தமையால் இது வேறொன்றாகிறது.

காப்பியத்தின் பெயரையும் இங்கு நினைக்கவேண்டும். தேன் போன்ற பாக்களால் ஆன அணி என்றும், வாடாத அணி என்றும் தேம்பாவணிக்கு இருவகையாகப் பொருள் கூறுவர். இரண்டாவது பொருளில், தேம்புதல் என்னும் வினையின் எதிர்மறையே நூற்பெயர். தேம்புதல் வாடுதலையும் குறிக்கும், விம்மி அழுதலையும் குறிக்கும். கருணையன் தன் துயரைச் சொல்லும் பாட்டிலோ அதே ‘தேம்ப’ என்னும் வினை உடன்பாடாகவே வருகிறது. தேம்பாத அணியென்று பெயர் சூட்டப்பெற்ற நூலுக்குள் தவமணி அணிந்தவன் தேம்புகிறான். கவிஞர் இதை எண்ணிச் செய்தாரா என்று நிறுவ வழியில்லை. எதுகை நோக்கி வந்த சொல்லாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும், பெயருக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள இவ்விழுவிசையைப் பொருட்படுத்தாமல் வாசிப்பது எனக்கு இயலவில்லை.

புலம்பலைத் தொடர்ந்து மரங்களும் சுனைகளும் சோலைகளும் ஒலித்து அழுவனபோல் ஆயின. இதனைத் தற்குறிப்பேற்றம் என்று சொல்லி நிறுத்திவிடுவது வகுப்பறை வழக்கம். நானும் அதையே செய்தேன். பரிமேலழகரின் பாகுபாட்டை இங்கே கொண்டுவந்து பார்க்கலாம். தாய்மேல் செல்வது தொடர்பு பற்றிய அன்பு. தொடர்பு கருதாமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள். முன்னது பின்னதாக விரியவேண்டும் என்பது அறநூலின் எதிர்பார்ப்பு. கவிஞர் திசையை மாற்றுகிறார். கருணையன் காட்டின்மேல் அருள் கொண்டதாக அவர் பாடவில்லை. காடு கருணையன்மேல் அருள் கொள்கிறது. அவனுக்கு யாதொரு தொடர்பும் இல்லாத மரமும் சுனையும் அவனோடு அழுகின்றன. ஒரே உறவை இழந்தவன், அவ்விழப்பினூடே, உறவல்லாத அனைத்தாலும் அன்பு செய்யப்படுகிறான். கொடுப்பதற்கு முன் பெறுகிறான். கருணையன் என்னும் பெயர் கருணை செய்பவன் என்பதைவிடக் கருணை செய்யப்பட்டவன் என்னும் பொருளில் இங்கு நிறைவேறுகிறது. எபிரேயப் பெயரும் அதற்கே இடம் தருகிறது.

இயேசு சபையினர் அனைவரும் மேற்கொள்ளும் இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் தன்னை வெல்லுதலை நோக்கமாக அறிவித்துத் தொடங்கி, அன்பைப் பெறுவதற்கான தியானத்தில் முடிகின்றன. அத்தியானத்தின் முன்குறிப்பு, அன்பு சொல்லைவிடச் செயலில் விளங்கவேண்டும் என்றும், அன்பு செய்வோர் ஒருவருக்கொருவர் கொடுத்தலும் பெறுதலுமே அன்பு என்றும் வரையறுக்கிறது. பெறுதலும் அன்பின் பாதி என்னும் இவ்வுணர்வு முனிவருக்கு அங்கிருந்து வந்திருக்கலாம். தமிழ்ப் புலம்பல் மரபு அதற்கு மரத்தையும் சுனையையும் கொடுத்திருக்கலாம்.

ஒரு மறுப்பை இங்கு எதிர்கொள்ளவேண்டும். கருணையன் இன்னும் பிள்ளை. பிள்ளை அழுவதைக் கொண்டு துறவு பற்றி முடிவு செய்யலாமா? இது நேர்மையான மறுப்பு. அவன் மேற்கொண்ட துறவு என்று எதையும் இப்பாடல்கள் காட்டவில்லை என்பதும் உண்மை. ஆயினும் தவத்தின் பெயரை அவனுக்குக் கொடுத்தவர் கவிஞர், கொடுத்த இடம் இது. பெயரை ஏற்றுக்கொண்டு அழுகையை விலக்கிவைத்தால் பாட்டைப் பாதியாக்கியவராவோம்.

அன்னையரும் துறவியரும்

தாயின் உடல்முன் நிற்கும் துறவியைத் தமிழ் மரபு நன்கறியும். அனைத்தையும் உதறிய பட்டினத்தார், தாய் மறைந்தபோது வந்து தம் கையால் எரியூட்டிப் பாடியதாகக் கூறப்படும் பத்துப் பாடல்கள் இன்றும் இறப்பு வீடுகளில் ஒலிக்கின்றன. அவர் புலம்பல் பின்னோக்கிச் செல்வது: சுமந்தது, ஈன்றது, ஊட்டியது என்று தாய் செய்தவற்றை எண்ணி, அந்த உடலுக்கா நான் தீ மூட்டுவது என்று கேட்பது. கருணையனின் புலம்பல் முன்னோக்கிச் செல்வது: இனி நான் எவ்வாறு வாழ்வேன் என்பது. பட்டினத்தார் வீட்டைத் துறந்து வெளியே சென்று திரும்பியவர். கருணையனுக்குத் திரும்ப வீடில்லை. ஆயினும் துறவு தாய்க்கடனைத் தள்ளுபடி செய்வதில்லை என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

அகுஸ்தினாரின் அனுபவம் இதற்கு மறுதலையாகத் தொடங்கி இதனோடு வந்து சேர்வது. 387ஆம் ஆண்டு ஓஸ்தியா துறைமுகத்தில் தாய் மோனிக்கா இறந்தபோது, 33 வயதினரான அவர் தம் கண்ணீரை வலிந்து அடக்கினார். வாய்விட்டு அழுத தம் மகனையும் உடனிருந்தோர் அடக்கினர். நம்பிக்கையுடையோர்க்கு அழுகை தகாது என்பது அன்றைய எண்ணம். குளித்துப் பார்த்தார், துயர் கழியவில்லை. உறங்கி எழுந்தபின் தனிமையில் அழுதுவிட்டார். தமது ஒப்புதல்கள் நூலின் ஒன்பதாம் பகுதியில் இதனைக் கூறும்போது, இதைக் குற்றமாகக் கருதுவோர் நகையாமல் தமக்காக அழட்டும் என்று கேட்டுக்கொள்கிறார். அப்பகுதியின் முடிவில், படிப்போர் பலிபீடத்தில் தம் பெற்றோரை நினைக்குமாறு வேண்டுகிறார். அடக்கிய கண்ணீர் அவரைத் தம்முள்ளேயே வைத்திருந்தது. விட்ட கண்ணீர் முன்பின் அறியாத வாசகரோடு அவரை இணைத்தது. கருணையனுக்குக் காடு செய்ததை அகுஸ்தினார் தம் வாசகரிடம் கேட்டுப் பெறுகிறார்.

வீரமாமுனிவர் பிறந்த அதே காஸ்திலியோனேயில் 1568இல் பிறந்தவர் அலோசியஸ் கொன்சாகா. ஆட்சியுரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து இயேசு சபையில் சேர்ந்த இவரது கடும் ஒறுத்தல்களை வரலாற்றாசிரியர்கள் விரித்துரைப்பர். தாயோடு தனித்திருப்பதைக்கூட அவர் தவிர்த்தார் என்று புகழ்வாரும் உண்டு. தேம்பாவணி நிறைவுற்ற அதே 1726ஆம் ஆண்டு டிசம்பர் 31 அன்று அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்த ஆண்டொற்றுமை தற்செயலே. அதன்மேல் எதையும் கட்டவேண்டியதில்லை. தம் ஊர்ப் புனிதரின் புகழ் ஓங்கிய காலத்தில், தாய்க்காகக் கதறும் துறவியை முனிவர் தமிழில் பாடிக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் குறிக்கலாம். அலோசியஸ் இறந்தது 1591இல், 23ஆம் வயதில், உரோமையில் கொள்ளைநோயுற்றோரைத் தூக்கிப் பேணியதால் தாமும் நோயுற்று. பிறர் உடலைத் தீண்ட அஞ்சி வளர்ந்தவர் பிறர் உடலைச் சுமந்து இறந்தார். அவரது தன்மறுப்பு அன்பாக வளர்ந்த இடத்தைக் காட்டச் சொன்னால், நான் அவரது இளமைக்கால ஒறுத்தல்களைக் காட்டமாட்டேன். அந்த நோயாளிகளைக் காட்டுவேன்.

மறுக்கவேண்டியவர் யார்?

தன்மறுப்பைப் போற்றும் எழுத்து எதுவும் ஒரு கேள்விக்கு விடைசொல்லக் கடமைப்பட்டது: யாரிடம் அது கேட்கப்படுகிறது? வீட்டில் கடைசியாக உண்பவளிடமும், கூலி கேட்கத் தயங்குபவனிடமும் தன்னை மறு என்று சொல்லும் அறவுரை, அவர்களிடம் ஏற்கெனவே பறிக்கப்பட்டதை அவர்களே கொடுத்ததாகக் கணக்கெழுதுகிறது. தேம்பாவணியும் இக்கேள்விக்கு முழுதும் தப்பவில்லை. ஐயம் வளனுக்குப் படலங்கள் பெற்றுத் தருகிறது. ஐயத்துக்கு ஆளான மரியாளின் பொறுமையோ இயல்பாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. மத்தேயுவிலும் அவ்விடத்தில் அவள் பேசுவதில்லை. ஈரறத்தைப் பொருத்தும்போது அதன் சுமை இருவர் தோளிலும் ஒப்ப அமைந்ததா என்பது தனியே ஆராயவேண்டியது.

ஆனால் கருணையனின் பிற்காலம் இக்கேள்விக்கு ஒரு விடையைத் தன்னகத்தே கொண்டிருக்கிறது. லூக்கா நற்செய்தியின் 3ஆம் அதிகாரத்தில், யோர்தான் கரையில் கூடிய மக்கள் தாங்கள் செய்யவேண்டியது யாது என்று யோவானிடம் கேட்கின்றனர். தம்மைப்போல் காட்டுக்கு வருமாறோ, மயிராடை உடுக்குமாறோ, வெட்டுக்கிளி உண்ணுமாறோ அவர் சொல்லவில்லை. இரண்டு அங்கி உடையவர் இல்லாதவரோடு பகிர்ந்துகொள்ளட்டும் என்கிறார், உணவுடையவரும் அவ்வாறே. வரி தண்டுவோரிடம் விதித்ததற்கு மேல் தண்டவேண்டாம் என்கிறார். படைவீரரிடம் மிரட்டிப் பறிக்கவேண்டாம் என்கிறார். உணவு தேடும் முறை அறியேன் என்று அழுத பிள்ளைக்கு, வளர்ந்தபின், ஊரில் யாரிடம் உணவு மிகுந்திருக்கிறது என்பது தெரிந்திருக்கிறது. ஓர் அங்கி மட்டும் உடையவரிடம் அவர் எதுவும் கேட்கவில்லை.